மூன்று சொட்டுப் படம்

முதல் சொட்டு விழும்போது மீசைக்காரன் அலமாரிக்குள் நுழைந்துவிட வேண்டும். இரண்டாவது சொட்டுக்கு அவன் ராணுவத் தளபதி வீட்டு அலமாரியிலிருந்து, அவருடைய தொப்பியோடு குப்புற விழ வேண்டும். மூன்றாவது சொட்டுக்கு அவனுடைய சொந்த மனைவி அலமாரிக் கைப்பிடியில் கை வைத்திருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு, சொட்டுக்கு ஒரு கட்டம். அதற்குள் கண்மணி விரியவில்லை என்றால் அது கண்ணின் குற்றம், கதையின் குற்றமல்ல என்பது சொட்டுக்காரரின் கட்சி.

அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கண் மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாக ஒரே வேலை. பரிசோதனைக்கு வருகிறவர்களின் கண்மணியை விரிய வைக்கும் மருந்தை விட்டு, பஞ்சை ஒற்றி, சுவரோரம் இருக்கும் ஆறு நாற்காலிகளில் உட்கார வைப்பார். அரை மணி நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது. எழுந்து ஓடவும் வழியில்லை. கதை சொல்கிறவனுக்கு இப்படி ஒரு சபை கிடைக்க ஏழு பிறவியில் புண்ணியம் செய்திருக்க வேண்டும். கேட்கிறவர்கள் என்ன செய்திருந்தார்களோ!

"மேல பாருங்க. கொஞ்சம் எரியும், பொறுத்துக்கோங்க. ஆச்சு, மூடிக்கோங்க. பிரெஞ்சுப் படம் பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன் என்று சொன்னாலும் தப்ப முடியாது. "இதப் பாத்திருக்க மாட்டீங்க" என்று தொடங்கிவிடுவார்.

உலக சினிமாவில் அவருடைய ஞானம் மொத்தம் ஒரே படம். அதுவும் முழுப் படமில்லை. கல்யாணத்துக்கு முன், ஏதோ சங்கத்தார் இலவசமாகப் போட்டார்கள் என்று போனது. கறுப்பு வெள்ளை, கீழே எழுத்து ஓடவில்லை. பிரெஞ்சில் அவருக்கு அன்றைக்கும் ஒரு வார்த்தை தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அதனால் வசனம் ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. மாமனாருக்குப் பயந்து அலமாரியில் ஒளிகிற மீசைக்காரக் குமாஸ்தா ஒருவன், ஊரில் உள்ள ஏதோ ஒரு வீட்டு அலமாரியிலிருந்து வெளியே வந்து விழுகிறான். மறுபடி நுழைந்தால் வேறு வீடு. இதுதான் கதை.

கண்ணை மூடியிருப்பவர்கள் முன்னால் அவர் நடித்தும் காட்டுவார். புருவத்தை உயர்த்துவார், தளபதியின் தொப்பியைச் சரிசெய்வார், மாடிப்படியில் உருள்வதுபோல் தோளை ஆட்டுவார். அறை மூலையில் மருந்து வைக்கும் இரும்பு பீரோ இருக்கிறது. அலமாரி திறக்கும் கட்டத்தில் அதன் கதவை மெல்ல இழுப்பார். கிரீச்சென்று ஒரு சத்தம் வரும். கீலுக்கு எண்ணெய் விட வந்த ஆளை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த சின்ன டாக்டர், நோயாளிகளுக்குப் பொழுது போகட்டும் என்று அந்த அறையில் ஒரு டிவி மாட்டச் சொன்னார். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களுக்கு டிவி! படித்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

மனைவி அலமாரிக் கைப்பிடியில் கை வைக்கிறாள். உள்ளே மீசைக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்த இடத்தில்தான் அன்றைக்குச் சொட்டுக்காரரின் சட்டையைப் பக்கத்து இருக்கைப் பெண் பிடித்து இழுத்தாள். ஏழு மணி பஸ் போய்விடுமாம். அவரும் எழுந்து போனார். திரையில் இன்னும் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. பெண் கிடைத்தாள், முடிவு போயிற்று.

வீட்டில் கேட்டால் அந்தப் பெண் வேறு கதை சொல்வாள். "பஸ்ஸு போயிடும்னுதான் இழுத்தேன். அன்னிக்கு விட்டுத் தொலைச்சிருந்தா அவரு படத்தை முழுசாப் பாத்திருப்பாரு, நானும் பொழச்சிருப்பேன்."

முடிவு இல்லாததால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆளைப் பார்த்து முடிவு சொல்வார். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு, அவள் கதவைத் திறந்து தானும் உள்ளே போய்விடுவாள். ரிட்டையரான ஆண்களுக்கு, அவன் உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவான். யாரும் அடையாளம் கண்டு கேட்க மாட்டார்கள் என்ற தைரியம். எல்லோரும்தான் கண்ணை மூடியிருக்கிறார்களே.

அந்தத் தைரியத்தில் மண் விழுந்தது கோர்ட்டம்மாவால். முப்பத்தேழு வருடம் நீதிமன்றத்தில் சாட்சி வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தவர்.

"ஏன் தம்பி, போன மாசம் வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணப்ப, அவ திறந்தா உள்ள வெறும் கோட்டு தொங்குச்சுன்னு சொன்னே. இப்ப இடது கண்ணுக்கு, திறந்ததும் கன்னத்துல ஒண்ணு விட்டா, ரெண்டு பேரும் சிரிச்சாங்கங்கிறே. ஒரே படத்துக்குக் கண்ணுக்கு ஒரு முடிவா?"

"ரெண்டும் உண்டு மேடம்."

"எது முன்னால?"

நாற்காலி வரிசை முழுக்கச் சிரித்தது. சொட்டுக்காரர் பீரோவைத் திறந்து, எதையோ தேடுவதுபோல் வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த பரிசோதனைக்குக் கோர்ட்டம்மா ஆதாரத்தோடு வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். "இந்தா, உன் அலமாரி. என் அண்ணன் மகன் நாலு நாள் தேடிப் பிடிச்சான். மீசை, தொப்பி, தளபதி, எல்லாம் இருக்கு. கீழே எழுத்தும் ஓடுது. கடைசிப் பத்து நிமிஷத்தை நானும் இன்னும் பாக்கல. நீ சொன்னதுல எது நெசம்னு உன்னை வச்சிக்கிட்டுத்தான் பாக்கணும்னு நிறுத்தி வச்சிருக்கேன்."

சின்னத் திரையில், அலமாரிக் கைப்பிடியில் ஒரு பெண்ணின் கை அப்படியே நின்றிருந்தது. சொட்டுக்காரர் நினைத்து வைத்திருந்ததைவிட மெலிந்த கை. வளையலும் இல்லை. இத்தனை வருடமாகக் கதையில் அவர்தான் அதைப் போட்டுவிட்டிருந்தார்.

"சத்தமா வைங்கம்மா, நாங்களும் கேக்குறோம்" என்றார், கண்ணை மூடியிருந்த ரிட்டையரான லாரி டிரைவர். அவருக்குப் போன தடவை தாழ் போட்டுத் தூங்கிய முடிவு கிடைத்திருந்தது.

"எனக்கு அவளும் உள்ள போயிட்டான்னாரு" என்றது கடைசி நாற்காலி.

சொட்டுக்காரர் கணக்குப் போட்டார். முடிவு ஒன்று என்று ஆகிவிட்டால் மற்றதெல்லாம் பொய். நாளைக் காலையில் இதே ஆறு நாற்காலிகளும் நிறையும். அவர்களுக்கு எதைச் சொல்வது? அலமாரியில் இருந்தது இதுதான், வேறெதுவும் இல்லை என்றா? அதைவிட, அன்றைக்கு அவர் எதை விட்டுவிட்டு எழுந்து போனார் என்பதும் தெரிந்துவிடும். அது ஒன்றுமில்லாத முடிவாக இருந்தால் வீட்டுக்காரியின் முகத்தில் ஜெயித்த சிரிப்பு வரும். பிரமாதமான முடிவாக இருந்தால் அவர் அவளை எந்த முகத்தோடு பார்ப்பது?

"முதல்ல சொட்டு விட்டுடலாம் மேடம். டாக்டர் வந்துடுவாங்க."

"அந்த வேலையே வேண்டாம். சொட்டு விட்டா எனக்கு எழுத்துத் தெரியாது. படம் முடிஞ்சுதான் சொட்டு. உக்காரு."

கோர்ட்டம்மாவின் விரல் திரைக்கு அரை அங்குலத்தில் நின்றது.

சொட்டுக்காரர் உட்கார்ந்தார். இருபத்தாறு வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. சட்டைப் பையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்தார். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையைத் தானே இழுத்துப் பிடித்து, வலது கண்ணில் ஒன்று, இடது கண்ணில் ஒன்று, சிந்தாமல் விட்டுக்கொண்டார்.

"அடப்பாவி" என்றார் கோர்ட்டம்மா.

"எரியுது மேடம்" என்றார் சொட்டுக்காரர். பிறகு, கண்ணை மூடியபடியே, புட்டியைக் கோர்ட்டம்மாவின் பக்கம் நீட்டினார்.