'ரூட்லி' என்று எழுதிவிட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. வேலூரிலிருந்து பெங்களூருக்கு வந்த புதிது. ஒரு கால் சென்டரில், ஊழியர்கள் பேசிய அழைப்புகளைக் கேட்டு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என் வேலை.

பள்ளியில் வினையுரிச்சொல் பாடத்தில் நான் புலி. வாக்கியத்தைக் கொடுத்தால், 'எப்படிச் செய்தான்' என்று கேட்டு அந்தச் சொல்லைச் சட்டென்று பிடித்துவிடுவேன். அந்தப் பெருமையில் அறிக்கைகளிலும் பொலைட்லி, பேஷன்ட்லி, கேர்லெஸ்லி என்று அள்ளித் தெளிப்பேன். மேனேஜரும் பாராட்டுவார். எனக்குத் தலைகால் புரியாது.

அப்போது பெங்களூர் ஸ்ரீராம்புரத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி தற்காலிக வேலையில் இருந்தாள். அவள் வேலை நிரந்தரமாவது என் அறிக்கையைப் பொறுத்தது. அவள் பேசிய ஓர் அழைப்பு பாதியில் கன்னடத்துக்கு மாறியது. எனக்கோ 'சாப்பாடு ஆச்சா' என்று கேட்கும் 'ஊட்டா ஆய்த்தா'வைத் தாண்டிக் கன்னடம் தெரியாது. தெரிந்தவரிடம் அனுப்பியிருக்க வேண்டும், கௌரவம் விடவில்லை. குரலை மட்டும் கேட்டேன். வாடிக்கையாளரைப் பேசவிடாமல் கத்துகிறாள் என்று பட்டது. திரும்பத் திரும்ப மரியாதையில்லாமல் பேசினாள் என்ற பொருளில் 'ரிப்பீட்டட்லி', 'ரூட்லி' இரண்டையும் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அறிக்கையைப் பார்த்துவிட்டு, கண் சிவக்க என் மேசைக்கு வந்தாள்.

"சார், நான் கத்துனது நெஜம்தான். அந்தம்மா என்ன சொல்ல வந்தாங்கன்னு கேட்டீங்களா?"

பதிவை மறுபடி ஓடவிட்டேன். பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். காது மந்தமான ஓர் அம்மா, தன் கார்டின் ரகசிய எண்ணைச் சொல்லத் தொடங்குகிறார். 'ஹேளபேடி அம்மா' என்று இவள் தடுக்கிறாள். 'சொல்லாதீங்கம்மா' என்று அர்த்தமாம். காதில் விழவில்லை என்பதால் மூன்று முறை கத்தியிருக்கிறாள்.

கூனிக்குறுகிப் போனேன். நேராக மேனேஜரிடம் போய், கன்னடம் தெரியாமலே எழுதிவிட்டதாக ஒப்புக்கொண்டேன்.

"உன் இங்கிலீஷைப் பாத்து நம்பிட்டேனேப்பா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அறிக்கையைத் திருப்பி எழுதினேன். நடந்ததை மட்டும், ஒரு வினையுரிச்சொல்கூட இல்லாமல். அவள் வேலை நிலைத்தது. படித்துப் பார்த்தவள், "கேர்ஃபுல்லின்னு ஒண்ணாவது போட்டிருக்கலாமே சார்" என்று சிரித்தாள்.

இப்போதும் ஒருவரைப் பற்றி அப்படி ஒரு சொல் எழுத விரல் போனால், பதிவை முதலிலிருந்து கேட்கிறேன்; புரியாவிட்டால், புரியவில்லை என்று எழுத வெட்கப்படுவதில்லை.