டிராக்குக்கு ஒரு செட்

முதலியார்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்தான் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். நரைத்த மீசை, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. என்னுடையதைப் போலவே பழைய சின்னக் கார்தான் அவருடையதும். ஆனால் இரண்டு செட் பிரேக் பேட் கேட்டார். ஊருக்குள் ஓட்ட ஒன்று, சென்னைப் பக்கம் ரேஸ் டிராக்கில் ஓட்ட இன்னொன்று. பேசும்போதெல்லாம் தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

டிராக்கில் ஓட்ட எனக்கும் பல வருட ஆசை. வீட்டில் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"டிராக் பேடையே ஊருக்குள்ளயும் போட்டுக்கலாமே, எதுக்கு ரெண்டு?" என்றேன்.

"அது நல்லா சூடானாத்தான் சார் புடிக்கும். காலைல வண்டிய எடுத்தா மொத சிக்னல்லயே சரியா நிக்காது. ஊர்ல ஓட்டற பேடு டிராக் சூட்டத் தாங்காது."

"ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டணுமே?"

"அத எங்க வீட்டுக்காரம்மா பாத்துக்குவாங்க. நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள மாட்டிடுவாங்க."

வெளியே நின்ற காரிலிருந்து ஓர் அம்மாள் தலையை நீட்டினார். "போன தடவ போட்டதையே வாங்குங்க. அதுலதான் நல்லா ஓட்டுனீங்க."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். போய் அந்த அம்மாளின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அம்மாள் காரை எடுத்தார். ஏதோ பேசியபடியே இருவரும் கடலூர் ரோட்டில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய காரின் மேலோ டிராக்கின் மேலோ எனக்கு அப்போது ஆசை எதுவும் இல்லை.

"உங்களுக்கு எந்த பேடு சார்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஊருக்குள்ள ஓட்டறதுதான்" என்றேன்.