இல்லை என்று சொன்ன அண்ணன்

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு எழுதுவதுதான் அந்த நர்ஸின் வேலை. நெஞ்சு வலி உண்டா, மாடியேறினால் மூச்சு வாங்குமா, என்னென்ன மாத்திரை. பதினேழு வருஷமாகக் கேட்கிறாள். பொய்யை முகத்திலேயே படித்துவிடுவாள். "நீங்க போலீஸுக்குப் போயிருக்கணும்" என்று மயக்க மருந்து டாக்டர் கிண்டலடிப்பார்.

அன்றைக்கு ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்து உட்கார்ந்தவர் அவளுடைய சொந்த அண்ணன். பஸ் டிரைவர். அப்பா போனபின் அவளைப் படிக்கவைத்தவர்.

"எப்பவாவது மயங்கி விழுந்திருக்கீங்களாண்ணே?"

"இல்ல."

போன மாதம் மாடிப்படியில் அவர் சுருண்டு விழுந்ததை அண்ணி போனில் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்.

"இது விளையாட்டில்லண்ணே."

"எழுதினா டிப்போவுக்குத் தெரிஞ்சுடும். வண்டிய விட்டு இறக்கிடுவாங்க. சின்ன ஆபரேஷன்தானே, வாய மூடிக்கிட்டு இரு."

அவளால் இருக்க முடியவில்லை. டாக்டரிடம் சொன்னாள். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இதய வால்வு பாதிக்குமேல் சுருங்கிக் கிடந்தது.

"மரத்துப்போக முதுகுல ஊசி போட்டிருந்தா பிரஷர் மளமளன்னு இறங்கியிருக்கும். இந்த வால்வோட அத தூக்கி நிறுத்தறது கஷ்டம். டேபிள்லயே போயிருப்பார்" என்றார் டாக்டர்.

முதலில் வால்வை மாற்றினார்கள். சில மாதம் கழித்து ஹெர்னியாவையும் பார்த்துப் பார்த்துச் செய்து முடித்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் லீவை நீட்டிக்கக் கொடுத்த சர்டிஃபிகேட்டில் வால்வு மாற்றியது எழுதியிருந்ததே, ஸ்டியரிங் போய்விட்டது. டிப்போ வாசலில் வண்டி நம்பர் எழுதும் வேலை கொடுத்தார்கள். அவரிடம் ஓட்டப் பழகியவர்களே ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனார்கள்.

பார்க்கப் போனவளை அண்ணி வாசலிலேயே மறித்தாள்.

"நீ வந்தா அவர் சாப்பிட மாட்டார். போயிடு."

"நீங்கதானே அண்ணி என்கிட்ட சொன்னீங்க?"

"உன்கிட்டதான் சொன்னேன். டாக்டர்கிட்டயா சொன்னேன்?"

இரண்டு வருஷம் கழித்துப் பித்தப்பைக் கல்லுக்காக அண்ணன் மறுபடி வந்தார். அவளுடைய மேஜையைத் தாண்டிப் போய், புதிதாகச் சேர்ந்த நர்ஸின் முன்னால் உட்கார்ந்தார். மயங்கி விழுந்தது, வால்வு மாற்றியது, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, எதையும் மறைக்கவில்லை.

"அவசரம்னா யாருக்குச் சொல்லணும்? கூடப் பிறந்தவங்க யாராவது?"

"யாருமில்லம்மா."

மூன்றடி தள்ளி அவளுடைய பேனா அப்படியே நின்றது. அவளுக்கு எதிரே இருந்த நோயாளி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சிஸ்டர், நிறுத்திட்டீங்க? கேளுங்க."