வலது கைக்கு மட்டும் ஒரு கத்தி

போன வருடம் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில், மருத்துவமனைகளுக்கு அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் வடிவமைப்பாளர். கருவி எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து, கம்ப்யூட்டரில் வரைந்து, வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு மெஷினுக்கு அனுப்புவதுவரை என் பொறுப்பு. சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறேன். பொம்பளைப் பிள்ளைக்கு இந்த இரும்பு வேலை எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அப்போது என் கையில் இருந்தது ஒரு குட்டிக் கத்தி. சிலருக்கு விரலை மடக்கினால் நிமிர்த்த முடியாமல் பூட்டிக்கொள்ளும். விரலை இழுக்கிற தசைநாண் நுழைந்து போகும் உறை இறுகிவிடுவதால் வருவது அது. வழக்கமாக உள்ளங்கையைத் திறந்து அந்த உறையை அறுப்பார்கள். இந்தக் கத்திக்கு அரிசி மணி அளவுக்குத் தோலில் ஒரு துளை போதும். கொக்கி போல வளைந்த முனையை உள்ளே விட்டு இழுத்தால் உறை அறுந்துவிடும், தையல்கூடத் தேவையில்லை. ஆனால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்திலேயே நரம்பு ஓடுகிறது. கத்தி கொஞ்சம் சாய்ந்தால் போச்சு, அந்த விரல் நுனி ஆயுசுக்கும் மரத்துப்போகும். அதனால் கத்தி கையில் உருளாமல் இருக்க, கைப்பிடியின் ஒரு பக்கத்தில் கட்டைவிரல் உட்காருவதற்கு ஒரு பள்ளம் வைத்திருந்தேன். அந்தப் பள்ளத்தைப் பற்றி எனக்கு ஏகப் பெருமை.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன், பக்தி அதிகம். எந்தக் கருவியானாலும் முதல் பீஸைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் சூடம் காட்டி, குங்குமம் இட்டுத்தான் டாக்டர் கையில் கொடுப்பார். அன்றைக்கும் அப்படித்தான். கத்தியைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்ட கை அறுவைச் சிகிச்சை டாக்டர் வந்திருந்தார். நம் தமிழ்ப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். தாம்பாளத்தைக் கும்பிட்டுவிட்டு வலது கையால் கத்தியை எடுத்தார். குங்குமத்தைக் கழுவித் துடைத்து, பசார் சந்தையில் வாங்கி வைத்திருந்த கோழிக்கால் ஒன்றில் அங்கேயே வெட்டிக் காட்டினார். மலாய் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து வேலை செய்கிற இடம், பன்றிக்கால் ஆகாது, அதனால் எங்கள் சோதனை எல்லாம் கோழிக்காலில்தான். தோலைப் பிரித்துப் பார்த்தால் உறை சுத்தமாக அறுந்திருந்தது, நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வாரமே மற்ற டாக்டர்களுக்கும் அனுப்பிவிடலாம் என்றார் அண்ணே.

பிறகு தே தாரிக் டீ குடிக்க உட்கார்ந்தோம். கத்தி உள்ளே போகிற கோணத்தை எனக்கு விளக்குவதற்காக டாக்டர் பேனாவை எடுத்து டிஷ்யூ தாளில் படம் போட்டார். இடது கையால் போட்டார்.

"டாக்டர், ஆப்பரேஷன் எந்தக் கையில பண்ணுவீங்க?"

"இடதுலதான்க்கா."

"அப்பறம் ஏன் இப்ப வலதுல வெட்டுனீங்க?"

"சாமிகிட்ட வச்சுக் குடுத்தாரு. எப்படிக்கா இடது கையில வாங்குறது? வாங்குன கையோட செஞ்சிட்டேன்."

இதில் அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. நம் வீடுகளில் வளர்ந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இன்னொரு கோழிக்காலை எடுத்து வைத்து, இடது கையால் செய்யச் சொன்னேன். வலது கட்டைவிரலுக்கென்று நான் வைத்த பள்ளத்தில் அவருடைய ஆள்காட்டி விரல் போய் உட்கார்ந்தது. கத்தி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. தோலைப் பிரித்தோம். வெள்ளை நூல் மாதிரி இருந்த நரம்பு இரண்டாக அறுந்து கிடந்தது.

என் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊரார் கையெல்லாம் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதற்குமேல் டாக்டர் சொன்னதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது.

"பரவால்லக்கா. கத்தரிக்கோல்லேருந்து எல்லாமே வலது கைக்குத்தான் வருது. இதுவும் நான் பழகிக்குவேன்."

பழகிக்கொள்வாராம். பழகுகிறவரை யார் விரலில் பழகுவது? வீட்டில் பாத்திரம் தேய்க்கிற, லாரி ஓட்டுகிற, கம்ப்யூட்டர் தட்டுகிற யாரோ ஒருவருடைய விரலில்தானே.

நேராக அண்ணேயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். டாக்டரும் பின்னாலேயே வந்தார்.

"இடது கை டாக்டர் எத்தன பேரு இருக்கப் போறாங்க லா?" என்றார் அண்ணே. "பெட்டியில வலது கைக்கு மட்டும்னு போட்டுட்டா முடிஞ்சிச்சு. சூடம் காட்டிக் குடுத்தாச்சு, இப்பப் போயி தடங்கல் சொல்லாத."

"பெட்டிய பிரிக்கிறது நர்ஸு. டாக்டர் கைக்கு வர்றது வெறும் கத்திதான். யாருண்ணே பெட்டியப் படிச்சிக்கிட்டு இருக்கப் போறாங்க? நான் இந்த வரைபடத்துல கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீ போடலன்னா வேற ஆளு போடும்."

"போடட்டும். போடறதுக்கு முன்னாடி இதப் பாத்துட்டுப் போடச் சொல்லுங்க." அறுந்த நரம்போடு கோழிக்காலைத் தட்டில் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன்.

கூட வேலை செய்கிறவர்கள், போதும் நிறுத்து என்று கண்ணைக் காட்டினார்கள். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு அதை அடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் நகரவில்லை.

அண்ணே என்னை விட்டுவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சமாளிச்சிக்குவீங்கதானே? நீங்க ஓகேன்னா அனுப்பிடலாம்."

பெரிய மனுஷர் தன்மையாகக் கேட்கிறார். சரி என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பெண். இவர் தலையாட்டிவிட்டால் நான் கத்தினதெல்லாம் வீண், கத்தி கிளம்பிவிடும். டாக்டர் தட்டில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல அங்கிள்," என்றார். "ஸ்கூல்ல பழகிக்கன்னாங்க, பழகிக்கிட்டேன். ஆப்பரேஷன் ரூம்ல பழகிக்கன்னாங்க, அதையும் பழகிக்கிட்டேன். இதுக்கு நான் பழகிக்க மாட்டேன். கத்திய மாத்துங்க."

சத்தமே போடாமல் சொன்னார். அண்ணே தட்டை என் பக்கம் தள்ளி, "வரைஞ்சி கொண்டா" என்றார். அவ்வளவுதான்.

பள்ளத்தைத் தூக்கிவிட்டு, எந்தக் கையில் பிடித்தாலும் ஒரே மாதிரி உட்காருகிற தட்டையான கைப்பிடியாக மாற்றினேன். தீபாவளிப் பலகாரம் சுடுகிற நேரத்தில் நான் கோழிக்கால் வெட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து இரண்டு கையாலும் மாற்றி மாற்றி வெட்டிப் பார்த்தார், ஒரு நரம்பும் அறுபடவில்லை. சொன்ன நாளைத் தாண்டித்தான் கத்தி கிளம்பியது. அண்ணே ரொம்ப நாள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை, பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்போது என்னிடம் யாராவது "அவங்க பழகிக்குவாங்க" என்று சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது: இரும்பை வளைக்கத்தான் எங்களிடம் இத்தனை மெஷின் இருக்கிறது, ஒரு மனுஷியின் கையை வளைக்க யாருக்கும் உரிமை இல்லை.