நூற்றியொரு தேங்காயும் ஒரு மின்சாரக் காரும்

மின்சாரக் கார் வாங்கப் போகிறேன் என்றதும் என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அதை எங்கே கொண்டுபோய்ச் சார்ஜுக்குச் சொருகறதா உத்தேசம்?"

நியாயமான கேள்வி. கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டுச் சுவர்தான் எங்களுக்கும் சுவர். வாசற்படி இறங்கினால் நேரே தெரு. கார் ஷெட் என்கிற சங்கதி எங்கள் வம்சத்துக்கே தெரியாது. ஆனால் நான் தணிக்கை அலுவலகத்துக்காரன். அடுத்தவர் செலவில் குற்றம் கண்டுபிடித்தே இத்தனை வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். பெட்ரோலில் ஓடினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, வீட்டுக் கரண்டில் ஓடினால் எவ்வளவு என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஆசையாயிருக்கு. அதைச் சொன்னாப் போறாதா? கணக்கெதுக்கு?"

ஆசைதான். அதை ஒப்புக்கொண்டால் தணிக்கைக்காரனுக்கு என்ன மரியாதை? அவளுடைய பழைய சின்னக் காரை மாற்றுக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் தெருவுக்கே பெரிதான ஒரு எஸ்யூவியை ஓட்டிக்கொண்டு வந்தேன். எதிரே பால்காரரின் ஸ்கூட்டர் வந்தால்கூட இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்க வேண்டியிருந்தது.

வீட்டின் முன்பக்கம் இவ்வளவு பெரிய சுமையைத் தாங்கக்கூடிய பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். அது முன்னறை ஏசியுடையது. அதிலிருந்து கிளை பிரித்து ஜன்னலோரம் இன்னொன்று வைத்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன், கிளம்பும்போது விரலை ஆட்டி மலையாளத்தில் எச்சரித்தார். "சாரே, ஏசியும் காரும் ஒன்னிச்சு வேண்டா, கேட்டோ. வயரிங் பழயதா." ஆக, ராத்திரியில் ஒன்று கார் சாப்பிட வேண்டும், இல்லை நாங்கள் குளிர வேண்டும். அந்தக் கோடையில் கார் சாப்பிட்டது, நாங்கள் வேர்த்தோம். காலையில் ஜன்னலிலிருந்து தெருவுக்கு ஓடும் வயரைச் சுற்றியே புள்ளி வைத்துக் கோலம் போட என் மனைவி பழகிக்கொண்டாள்.

வேர்வையைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். கரண்ட் பில்லைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. எங்கள் ஊர்க் கட்டணத்தில் ஒரு கோடு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மீட்டர் பார்க்க வருவார்கள். கோட்டுக்குள் நின்றால் ஆரம்ப யூனிட்டுகள் மலிவு, போகப்போகத்தான் விலை ஏறும். கோட்டை ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் போச்சு, முதல் யூனிட்டிலிருந்தே கூடுதல் விலை. கார் வந்த பிறகு வந்த முதல் பில் கோட்டைத் தாண்டியிருந்தது. அவள் அதை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"இன்னொரு தரம் தாண்டித்துன்னா சாவி என் கைப்பைக்கு வந்துடணும். என் வண்டியை வித்துத்தானே இதை வாங்கினேள்? நீங்க பஸ்ஸிலே ஆபீஸ் போங்கோ. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பிறவிக் குணம்.

பில் கோட்டைத் தாண்டாமலிருக்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. வீட்டில் பாதி, வெளியே பாதி. வெளியே சார்ஜ் போட்டால் வீட்டு விலையைப்போல இரண்டு பங்குக்கு மேல் ஆகும், அதன்மேல் வரி. ஆனால் அது வீட்டு பில்லில் வராதே! இந்த இடத்தில் என் தணிக்கை மூளை தூங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சார்ஜிங் நிலையத்துக்கும் ஒரு ஆப். ஒவ்வொரு ஆப்புக்கும் முன்பணம். போன இடத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பணம் மாட்டிக்கொண்டு கிடந்தது. சார்ஜ் போடும் இடத்தில் எவனாவது பெட்ரோல் காரை நிறுத்திவிட்டுச் சட்டை வாங்கப் போயிருப்பான். அவன் வந்து எடுக்கிறவரை பக்கத்து ஹோட்டலில் ஒரு காப்பி, சார்ஜ் ஏறுகிறவரை ஒரு மசால் தோசை, துணைக்கு வடை. வடையை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. ஆபீஸில் யாராவது இப்படிக் கணக்குக் காட்டியிருந்தால் அவன் தலையை வாங்கியிருப்பேன்.

அடுத்த மீட்டர் நாள் ஒரு திங்கட்கிழமை வர இருந்தது. அதற்கு முந்தின ஞாயிறன்று காலை என் மனைவி புளியஞ்சாதமும் தயிர்சாதமும் கட்டி வைத்துவிட்டு, "கார் வாங்கினா பொன்முடிக்குப் போலாம்னேளே?" என்றாள். காரில் பாதி சார்ஜ்கூட இல்லை. வீட்டில் போட்டால் கோட்டைத் தாண்டிவிடும். வழியில், மலையடிவாரத்து வித்துராவில் போட்டுக்கொள்ளலாம் என்று தைரியமாகக் கிளம்பினேன்.

வித்துராவில் கரண்டே இல்லை. ராத்திரி மழையில் எங்கோ மரம் விழுந்து ஊர் முழுக்க இருட்டு. சார்ஜ் போடும் இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. எதிர் டீக்கடைக்காரர் அங்கிருந்தே கத்தினார்: "உச்ச கழியும் சாரே!" மத்தியானம் தாண்டினால்தான் வருமாம்.

"திரும்பிடலாமா?" என்றாள் மனைவி.

"பொன்முடி என்ன இமயமலையா?" என்று மேலே விட்டேன்.

கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. திரையில் சார்ஜ் இறங்கத் தொடங்கியது. முதலில் ஏசியை அணைத்தேன். பிறகு பாட்டை. பிறகு அவள் ஃபோனில் சொருகியிருந்த வயரைப் பிடுங்கினேன். காற்று எதிர்க்கும் என்று ஜன்னலையும் ஏற்றச் சொன்னேன். முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தவள் கடைசியில் கேட்டாள்: "நான் வேணா இறங்கி நடந்து வரட்டா? பாரம் குறையுமே?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷம் யோசித்தேன்.

பாதி மலையில் திரையில் சிவப்பு விளக்கு வந்தது. பின்னால் பஸ், முன்னால் மூடுபனி. சட்டை முதுகோடு ஒட்டும்படி வேர்த்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு இந்த மாதிரி நேரத்தில் வேறு யார் ஞாபகம் வரும்? பழவங்காடிப் பிள்ளையாரே, வண்டி நிற்காமல் மேலே போய்க் கீழேயும் இறங்கிவிட்டால், நாளைக்குக் கோடும் தாண்டாவிட்டால், நூற்றியொரு தேங்காய் உடைக்கிறேன் என்று மனசுக்குள் சொன்னேன். தேங்காய் விற்கிற விலை அப்போது ஞாபகத்தில் இல்லை.

வண்டி நிற்கவில்லை. உச்சியில் பார்க்க வேண்டியதையெல்லாம் அவள் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். இறங்கும்போது, "நகருங்கோ, நான் ஓட்டறேன்" என்று என்னைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டாள். நிதானமாக, வளைவுக்கு வளைவு அடங்கி ஓட்டினாள். சார்ஜ் ஏறத் தொடங்கியது! இறக்கத்தில் இந்தக் கார் தனக்கு வேண்டிய கரண்டைத் தானே கொஞ்சம் உண்டாக்கிக்கொள்ளும். வாங்கின நாளிலிருந்து ஆபீஸில் நான் அளந்துகொண்டிருந்த பெருமையே அதுதான். பயத்தில் அது எனக்கே மறந்துபோயிருந்தது. வித்துராவில் கரண்ட் வந்திருந்தது. வீட்டுக்குப் போதுமான அளவு போட்டுக்கொண்டு திரும்பினோம்.

திங்கட்கிழமை பில் வந்தது. கோட்டுக்குள்! மயிரிழையில்தான், ஆனாலும் உள்ளே. அதை நான் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சாவி என்னுடையது. அவள் "ஜயிச்சுட்டேள்" என்றதோடு சரி.

வேண்டுதலை மறைக்க முடியவில்லை. நூற்றியொரு தேங்காயை யாருக்கும் தெரியாமல் உடைக்க ஒருவனால் முடியுமா? மறுநாள் காலை அவளையும் கூட்டிக்கொண்டு பழவங்காடிக்குப் போனேன். கோயில் பக்கத்துத் தேங்காய்க் கடையில் விலை கேட்டதும் எனக்கு மலைமேல் வந்த அதே வேர்வை வந்தது. வெளியே போட்ட சார்ஜ், வரி, மாட்டிக்கொண்ட முன்பணம், தோசை, வடை, இப்போது தேங்காய். எல்லாவற்றையும் கிலோமீட்டரால் வகுத்துப் பார்த்தேன். ஆட்டோவிலேயே போயிருக்கலாம்.

பிள்ளையாரிடம் தணிக்கை செல்லாது. "நூற்றியொன்று" என்றேன் கடைக்காரரிடம்.

"நூத்திரெண்டா குடுங்கோ" என்றாள் என் மனைவி. "ஒண்ணு என்னோடது."

"நீயும் வேண்டிண்டயா? சார்ஜுக்கா?"

"சார்ஜுக்கு யார் வேண்டினா?" என்றாள், தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே. "அந்த வளைவிலே உங்க முகத்தைப் பார்த்தேன். வண்டி நின்னா நிக்கட்டும் பிள்ளையாரே, இவர் நெஞ்சு நின்னுடப்படாதுன்னு வேண்டிண்டேன்."

ஒரு பேட்டரிக்கு நூற்றியொன்று சொன்னவன், பக்கத்து சீட்டில் வேர்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு தேங்காய் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "எனக்கு ஒண்ணுதானா?" என்று கேட்டேன்.

"போறும். உங்க கணக்கு மாதிரியா என்னோடது?"

உடைக்க ஆரம்பித்தேன். பாதியைத் தாண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. கடைசியில் அவளுடைய ஒற்றைத் தேங்காயை அவளே வாங்கி உடைத்தாள். ஒரே அடி, சரிபாதி. கார் நிற்கும் இடத்துக்கு வந்ததும், கையைத் தூக்க முடியாமல் சாவியை அவளிடம் நீட்டினேன்.

"நீங்க ஜயிச்சேளே?"

"வெச்சுக்கோ."

அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் ஏசி ஓடியது. அடுத்த பில் கோட்டைத் தாண்டியது. நான் இப்போது பஸ்ஸில்தான் ஆபீஸ் போகிறேன்.