ஒரு சொட்டு வியர்வைக்குப் பயந்தவன்

நாகலூரிலிருந்து செம்மநத்தத்துக்கு வீங்கிய காலோடு நடந்துகொண்டிருந்தேன். நாகலூர் எஸ்டேட்டில் அன்றுதான் என்னைப் போகச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறேன். அன்று காலை நான் மாத்திரை போடுவதைப் பார்த்துக் கூட வேலை செய்யும் குமரேசன் எதற்கென்று கேட்டான், மறைக்காமல் சொன்னேன். பிறகு அவன் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் மேலே மிளகு பறித்தேன். என் வியர்வை ஒரு சொட்டு அவன் உதட்டில் விழுந்தது. ஏணியை அப்படியே விட்டுவிட்டுக் குழாய்க்கு ஓடினான். ஏணி சரிந்தது. மரத்தைக் கட்டிக்கொண்டு சறுக்கி இறங்கியதால் கால் சுளுக்கோடு தப்பித்தேன்.

"உன்ற வேர்வை வாயில பட்டிருச்சு. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது" என்று வாயைக் கொப்பளித்தபடி கத்தினான்.

"வேர்வையில அது ஒட்டாதுப்பா. நீ ஏணிய உட்டதுல நான் செத்திருப்பேன்."

"செத்துத் தொலைஞ்சிருக்கலாம்."

எஸ்டேட்டில் ஆள் கணக்குப் பார்க்கும் ரைட்டர் மரியாதையாகவே விரட்டினார். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க இருந்தா ஒருத்தரும் வேலைக்கு வரமாட்டாங்க."

"டாக்டருகிட்ட கேட்டுப் பாருங்க."

"அதெல்லாம் நமக்கெதுக்குங்க? கெளம்புங்க."

தொட்டாலும், சேர்ந்து சாப்பிட்டாலும், வியர்வை பட்டாலும் எச்.ஐ.வி. பரவாது. ஏணியிலிருந்து விழுந்தால் யாராயிருந்தாலும் சாவு வரலாம்.

கால் வீக்கம் வடிந்ததும் செம்மநத்தத்தில் ஒரு தோட்டத்தில் மிளகு பறிக்கச் சேர்ந்தேன். ஏணி பிடிக்க ஒருவர் வந்தார். அவரை நிற்கச் சொல்லிவிட்டு, ஏணியை மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டினேன். ஏணி சரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"ஏனுங்க, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று சிரித்தார்.

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.