ஏழு மேஜை, இருபத்தெட்டுப் பேர்

மூணாப்பு டீச்சருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லாமல் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. பத்தொன்பது வருஷமாக ஒரே பள்ளிக்கூடம், ஒரே அறை, ஒரே மூன்றாம் வகுப்பு. காய்கறிக்கடைக்காரர்கூட, "மூணாப்பு டீச்சருக்கு நல்ல தக்காளியாப் பொறுக்கிப் போடு" என்றுதான் கடைப்பையனிடம் சொல்வார். வாய்ப்பாடு தப்பாகச் சொல்பவனை எட்டாவது தெருவிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று அவள் கணவர் கேலி செய்வதுண்டு.

அந்தக் கணவர் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிறவர். கோடை விடுமுறை தொடங்கிய முதல் வாரம், பல் தேய்த்துவிட்டு வந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார். மூன்றாவது பொத்தானோடு சரி. டாக்டர் வந்து பார்த்தபோது மணி எட்டுகூட ஆகவில்லை.

அன்றிலிருந்து டீச்சர் அழவில்லை. இதில்தான் ஊருக்கு எவ்வளவு கவலை! அழுதால் "இப்படியா அழறது, மனசத் தேத்திக்க வேணாமா" என்பார்கள். அழாவிட்டால் கல்நெஞ்சுக்காரி. நாத்தனார் வந்த இடத்தில் இரண்டு நாள் பார்த்துவிட்டு, கல்லுக்குள்ளேகூடத் தேரைக்கு ஈரம் இருக்குமே என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபமும் வரவில்லை என்பதுதான் நிஜம்.

துக்கம் என்று ஒன்று வரும், வந்து நெஞ்சை அடைக்கும் என்று அவளும் காத்துக்கொண்டுதான் இருந்தாள். பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் எப்படி இருக்கும்? அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. மகள் வெளியூரில் வேலை பார்க்கிறவள், பதினைந்து நாள் கூட இருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு குழாய் சொட்டினால்கூடக் கேட்டது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது, உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்று தெரியாது. பள்ளிக்கூடம் திறந்தால் போதும், கைக்கும் காலுக்கும் மணி அடித்துச் சொல்லிவிடுவார்கள் என்று அது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, திங்கட்கிழமை, ஆசிரியர்கள் வந்து அறைகளைத் தயார் செய்ய வேண்டும். அன்று காலையிலேயே தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினாள். நல்ல மனுஷி. நல்லவர்களிடம்தான் தப்பிக்க முடியாது. சண்டைக்காரியாக இருந்தால் எதிர்த்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம்.

"ஒரு டெர்ம் மட்டும் ஆபீஸ்ல உக்காருங்க டீச்சர். சர்டிபிகேட் எழுதறது, புத்தகம் குடுக்கறதுன்னு லேசான வேலை. மூணாப்புக்குத் தற்காலிகமா ஒரு பொண்ணு வரா. அவ பாத்துக்கட்டும்."

டீச்சருக்கு அந்த ஆபீஸ் தெரியும். இரண்டு பீரோவுக்கு நடுவில் ஒரு நாற்காலி, அதற்கு எதிரே ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். அதில் போய் உட்கார்ந்தால் தான் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஐந்து வாரத்தில் அவளுக்குப் பயம் என்று ஒன்று வந்தது அப்போதுதான்.

"எனக்கு வகுப்பு வேணும் மேடம்."

தலைமையாசிரியை கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த வருஷத்திலிருந்து பழைய மாதிரி வரிசையாக உட்கார வைக்கக் கூடாது, நாலு நாலு பேராகக் குழுவில் உட்கார்ந்து சேர்ந்து படிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அறையையே தலைகீழாக மாற்ற வேண்டும், சும்மா இல்லை என்று எடுத்துச் சொன்னாள். கடைசியில், "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து பாக்கறேன். ரூம் சரியா இருந்தா வகுப்பு உங்களுது" என்றாள்.

இந்தக் குழுப் படிப்புக்காகப் போன வருஷக் கடைசியில் மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நாற்பது ஐம்பது வயதுக்காரர்களை நாலு நாலு பேராக உட்கார வைத்து, பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். டீச்சர் இருந்த குழுவில் கோபுரத்தை அவள் ஒருத்தியே கட்டினாள், மற்ற மூன்று பேரும் பயணப்படி எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கை தட்டினால் ஓசை வருமா என்று பயிற்சியாளர் கேட்டபோது, முதுகில் தட்டினால் வரும் சார் என்று நாலாப்பு சார் பின்னாலிருந்து சொல்லி, அறையே சிரித்தது. அப்போது டீச்சரும் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு இல்லை, ஆனால் வேலை இருந்தது. ஆயாவும் அவளுமாக இரட்டை மேஜைகளை எதிரும் புதிருமாகச் சேர்த்து, ஏழு இடத்தில் போட்டார்கள். ஒரு குழுவுக்கு நாலு சின்ன நாற்காலி. நாற்காலி இழுத்தால் பக்கத்துத் தெரு நாய்கூட ஊளையிடும், அப்படி ஒரு சத்தம். செவ்வாய்க்கிழமை முழுக்க இருவரும் தரையில் உட்கார்ந்து, பழைய போர்வையைக் கிழித்து நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிக் காலுக்கும் துணி சுற்றிக் கட்டினார்கள். ஆயா தன் மருமகள் புராணத்தை முதலிலிருந்து கடைசி வரை பாடி முடித்தாள். டீச்சர் ஊம் கொட்டிக்கொண்டே முடிச்சுப் போட்டாள். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த மேஜை ஆடும், எது ஆடாது என்பது அத்துப்படி.

புதன்கிழமை அட்டை வெட்டினாள். குழுவில் ஆளுக்கு ஒரு வேலை உண்டு: ஒருவர் தலைவர், ஒருவர் எழுதுகிறவர், ஒருவர் நேரம் பார்க்கிறவர், ஒருவர் அலமாரியிலிருந்து பென்சிலும் தாளும் எடுத்து வருகிறவர். ஒருவர் பேசினால் மூவர் கேட்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். கை தானாக ஓடியது. சாப்பிடுகிற நேரத்தை அடுத்த அறைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

வியாழக்கிழமைதான் முக்கியமான வேலை. யாரோடு யார்? நாலு புத்திசாலிகளை ஒரே மேஜையில் போட்டால் நாலு பேரும் தலைவர்கள், மந்தமான நாலு பேரைச் சேர்த்தால் மேஜையே தூங்கிவிடும். டீச்சர் மேஜை டிராயரிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்து விரித்தாள். பெயரைப் பார்த்ததுமே முகம் வந்தது, முகத்தோடு குணமும் வந்தது. இடதுகைக்காரர்கள் இரண்டு பேர், பக்கத்துக் கை இடிக்காமல் இருக்க மேஜையின் இடது ஓரம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சுண்டுவிரலைத் தூக்குகிறவனுக்குக் கதவுப் பக்கம். ரப்பரை யாராவது தொட்டால் அழுகிறவனுக்கு எதிரே, சொந்த ரப்பர் மூன்று வைத்திருக்கிறவள். சந்தேகம் டீச்சர், சந்தேகம் டீச்சர் என்று உயிரை எடுப்பவளுக்குப் பக்கத்தில், எதைக் கேட்டாலும் பதில் சொல்லத் துடிக்கிற வாயாடி. ஒட்டிப் பிறந்த மாதிரி திரிகிற சிநேகிதிகள் இருவரை வெவ்வேறு மேஜையில், ஆனால் ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரிகிற மாதிரி. தன்னைப் போலவே எல்லார் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிற ஒரு பெண்ணுக்கு, வேண்டுமென்றே நேரம் மட்டும் பார்க்கிற வேலை. இருபத்தெட்டுப் பெயரட்டையும் ஒட்டி முடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு நன்றாக ஒரு வகுப்பை அவள் அமைத்ததில்லை. பசை கேட்க வந்த நாலாப்பு சார் எட்டிப் பார்த்து, என் ரூம் இன்னும் குப்பைக்கிடங்கு மாதிரி கிடக்கு டீச்சர் என்று பெருமூச்சு விட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தலைமையாசிரியை வந்தாள். நாற்காலி ஒன்றை இழுத்துப் பார்த்தாள், சத்தமே வரவில்லை. சுவரைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். ஒவ்வொரு மேஜையாகச் சுற்றினாள். முகத்தில் திருப்தி தெரிந்தது. வகுப்பு கிடைத்துவிட்டது என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. நான்காவது மேஜையில் தலைமையாசிரியை குனிந்து, ஒரு பெயரட்டையை இரண்டு தடவை படித்தாள்.

"இது எங்க தங்கச்சி பேரன் ஆச்சே."

"ஆமா மேடம். பேசிட்டே இருப்பான். அதான் எழுதற வேலை குடுத்திருக்கேன்."

"அவன் நாலாப்பு போயிட்டானே டீச்சர். நேத்துதான் நாலாப்புப் புத்தகம் வாங்கிட்டுப் போனான்."

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. தலைமையாசிரியை பக்கத்து அட்டையைப் படித்தாள், அதற்கடுத்ததைப் படித்தாள், பிறகு படிப்பதை நிறுத்திவிட்டாள். புதுப் பட்டியல் திங்கட்கிழமையே ஒரு கவரில் வந்து டீச்சர் மேஜையில் கிடந்தது. அதைப் பிரிக்காமலே அதன்மேல் ஒட்டுநாடாவை வைத்திருந்தாள். ஏழு மேஜையிலும் உட்கார்ந்திருந்தது போன வருஷத்துப் பிள்ளைகள். ஒருவர்கூட இந்த அறைக்கு இனி வரப்போவதில்லை.

"போன வருஷம் இன்னும் முடியலைன்னு நெனச்சுட்டேன் போல மேடம்" என்றாள் டீச்சர்.

தலைமையாசிரியை திட்டவில்லை. தோளைத் தொட்டு, ஆபீஸ் நாற்காலிக்கு ஒரு மெத்தை போடச் சொல்கிறேன், ஒரு டெர்ம்தானே, ஓடிவிடும் என்றாள். டீச்சர் சரி என்று தலையாட்டினாள். அட்டைகளைப் பிய்க்க ஆரம்பித்தபோது, பசையைத் திருப்பிக் கொடுக்க வந்த நாலாப்பு சார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பிய்க்காதீங்க என்று கையை நீட்டித் தடுத்தார். அத்தனை பேரும் அவருடைய பிள்ளைகள்தானே? மெனக்கெடாமல் ஒரு வகுப்பு கிடைத்தால் அவருக்குக் கசக்குமா? யாரை எதற்கு எங்கே போட்டிருக்கிறாள் என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்வதாகச் சொல்லி, நோட்டோடு உட்கார்ந்தார். தலைமையாசிரியையும் போகவில்லை, ஒரு மேஜை ஓரமாக நின்றாள்.

டீச்சர் மேஜை மேஜையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ரப்பர்க்காரன், சந்தேகக்காரி, கதவுப் பக்கத்துக்காரன். சார் இரண்டு இடத்தில் சிரித்தார், மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டார். ஏழாவது மேஜைக்கு வந்தார்கள். அதிலிருந்த ஓர் அட்டையைக் காட்டி, இந்தப் பொண்ணு நல்லாப் படிக்கிறவளாச்சே, இவளைத் தலைவராப் போடலையா என்று கேட்டார்.

"வேண்டாம் சார். போன வருஷம் நடுவுல இவ அப்பா செத்துட்டார். ஒன்றரை மாசம் வாயே திறக்கலை. அழவும் இல்லை. அதனால, பேசு பேசுன்னு நச்சரிக்காத மூணு பேராப் பாத்து நடுவுல உக்கார வெச்சிருக்கேன். தனியா மட்டும் விட்றாதீங்க. ஓரமா உக்கார வெச்சா அப்படியே உக்காந்துடுவா. ஏதாவது ஒரு வேலை குடுத்துட்டே இருங்க. பெரிய வேலை வேண்டாம். பென்சில் எடுத்துட்டு வரட்டும், போதும்."

சார் எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர் அந்த அட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் செத்துப் போயிட்டார் சார்" என்றாள்.

அவள் கணவர் போன அன்றைக்கு, வண்டிக்குச் சொன்னதிலிருந்து சுடுகாடு வரை கூடவே நின்றவர் நாலாப்பு சார். அவர் பேனாவை மூடினார்.

"ஆமா டீச்சர்" என்றார்.

தலைமையாசிரியை மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேஜையிலிருந்த கவரை எடுத்துக் கிழித்துப் பட்டியலை வெளியே எடுத்தாள்.

"ஆபீஸ் வேண்டாம்" என்றாள். "தற்காலிகமா வர்ற அந்தப் பொண்ணு பாடம் நடத்தட்டும். நீங்க இந்த ரூம்லயே இருங்க. பென்சில் எடுத்துக் குடுங்க. மீதிய அப்பறம் பாப்போம்."

டீச்சர் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். ஒரு பெயருக்கும் முகம் வரவில்லை. எண்ணிப் பார்த்தாள், இருபத்தாறு பேர். அவர்கள் இருவரும் போன பிறகு, கூடுதலாக இருந்த இரண்டு நாற்காலியையும் தூக்கி வராந்தாவில் கொண்டுபோய் வைத்தாள். வைத்தவள் அதில் ஒன்றில் உட்கார்ந்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்குச் செய்த நாற்காலி, முழங்கால் நெஞ்சில் வந்து இடித்தது. அப்படியே குனிந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். விளக்குமாற்றோடு வந்த ஆயா தூரத்திலேயே நின்று பார்த்தாள். பிறகு வராந்தாவைக் கடைசியில் பெருக்கிக்கொள்ளலாம் என்று நாலாப்புப் பக்கம் போய்விட்டாள்.